காஞ்சி ஜில்லாவும் விஷ மருந்தும்

காஞ்சி நகருக்குத் தென்மேற்கே வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜினகாஞ்சி என்று முன்னோர் அழைத்தது இவ்வூரையே. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை, விஜயநகர அரசரின் மந்திரியாயிருந்த இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தார். அதன் விதானத்துச் சித்திரங்களைக் காண இன்றும் யாத்ரீகர்கள் வருகிறார்கள். ஜைன சமயத்தார் இல்லறத்தோருக்கு விதித்த தானங்கள் நான்கு: ஆகாரம், அபயம், ஔடதம், சாஸ்திரம். பசித்தவனுக்குச் சோறு, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம், நோயாளிக்கு மருந்து, அறியாதவனுக்குக் கல்வி. மருந்து கொடுப்பதைச் சோறு போடுவதற்குச் சமமான அறமாக எண்ணிய ஊர் இது.

இந்தக் காஞ்சியின் பெயரைத் தாங்கிய ஜில்லாவிலிருந்துதான் 2025-ஆம் வருஷத்தில் விஷம் சீசாவில் அடைக்கப்பட்டு, மருந்து என்ற சீட்டு ஒட்டப்பட்டு, மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகளின் வாயில் ஊற்றப்பட்டது. இதை எழுதும்போது நமக்கு உண்டாகும் வெட்கம் கொஞ்சமல்ல. அவ்வெட்கத்தை மூடி மறைப்பது தேசபக்தியாகாது. ஆகையால் விஷயத்தை உள்ளபடி கூறுவோம்.

பெங்களூர் நெடுஞ்சாலையிலுள்ள சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா என்னும் மருந்து ஆலை இருந்தது. அங்கே ஜலதோஷத்துக்கும் ஜுரத்துக்கும் ‘கோல்ட்ரிப்’ என்னும் இனிப்புப் பாகு மருந்து தயாராயிற்று. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா ஜில்லாவில், பராசியா என்னும் ஊரைச் சுற்றிய பகுதிகளில், சாதாரண ஜலதோஷத்துக்கு இம்மருந்தைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்று போயிற்று; சிறுநீரகங்கள் செயலற்றன. பலர் நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டு போகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

அக்டோபர் முதல் தேதி மத்தியப் பிரதேச அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்ததும், தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆயுத பூஜை விடுமுறையையும் பாராமல் ஆலைக்குச் சென்று மாதிரி எடுத்துச் சென்னைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். எஸ்.ஆர்.13 என்று குறியிட்ட தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷ திரவம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவு நூற்றுக்கு 0.1 பங்கு. மருந்திலே விஷம் கலந்திருந்தது என்று சொல்வதைவிட, சீசாவில் ஏறக்குறையப் பாதி விஷமாகவே இருந்தது என்று சொல்வதே பொருந்தும். ஆலையில் 364 குற்றங்குறைகளை அதிகாரிகள் கண்டு எழுதினார்கள். அவற்றுள் 39 மிகக் கொடியவை. உரிமையாளர் கைதானார். அம்மாதம் 13-ஆம் தேதி லைசென்ஸ் ரத்தாயிற்று. வழக்கின் முடிவு நீதிமன்றத்தின் பொறுப்பு. அதில் நாம் தலையிட விரும்பவில்லை.

நாம் கேட்பது வேறு. ஓரிரு நாளில், அதுவும் பண்டிகை விடுமுறையில், இந்த விஷத்தைக் கண்டுபிடிக்க நம் சர்க்கார் பரிசோதனைச் சாலைக்கு முடிந்தது. அந்தத் திறமையைப் பாராட்டுகிறோம். ஆனால் அத்தொகுதி தயாரானது அவ்வருஷம் மே மாதத்தில். மே மாதத்தில் அந்த ஒரு நாள் ஏன் கிடைக்கவில்லை? கடைக்குப் போகுமுன் செய்திருக்கக்கூடிய சோதனையை, குழந்தைகளைப் புதைத்த பின்பு செய்வதற்கு ஒரு இலாகா எதற்கு?

இது எதிர்பாராத விபத்து என்று எவரேனும் சொல்வாராயின் அவர் சரித்திரம் அறியாதவர். பாகு மருந்துகளைக் கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற தீங்கற்ற திரவங்களைப் பயன்படுத்துவது வழக்கம். டைஎத்திலீன் கிளைக்கால் பார்வைக்கு அவற்றைப் போன்றே நிறமற்றது, கொழகொழப்பானது, நாவுக்கு இனிப்பானது, விலையோ குறைவு. அதன் இடம் வர்ணப்பூச்சு முதலிய தொழிற்சாலைகள். இதைக் குடித்தால் மனிதன் சாவான் என்று உலகம் அறிந்தது 1937-இல்.

அந்தக் கதை சொல்லத்தக்கது. கிருமிகளைக் கொல்லும் புதிய மருந்தாகிய சல்பானிலமைடு அப்போதுதான் புகழ் பெற்றிருந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதைக் குழந்தைகளும் எளிதில் அருந்தும்படி டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து விற்றது. ஒரு எலிக்காவது கொடுத்துப் பார்த்தார்களா என்றால், இல்லை, சட்டம் கேட்கவில்லை. 105 பேர் மாண்டனர். அவர்களில் 34 பேர் குழந்தைகள். அக்கம்பெனியின் மீது அந்நாட்டுச் சட்டத்தால் சுமத்த முடிந்த குற்றம் என்ன தெரியுமா? ‘எலிக்சர்’ என்று பெயரிட்ட மருந்தில் சாராயம் இருக்க வேண்டும், இதில் சாராயம் இல்லை, ஆகவே பெயர் பொய் என்பதுதான்! ஆயினும் அமெரிக்க ஜனங்கள் அத்துடன் விடவில்லை. இறந்த குழந்தைகளின் பெற்றோரும் பத்திரிகைகளும் எழுப்பிய குரலால், மறு வருஷமே, 1938-இல், மருந்து விற்பனைக்கு வருமுன் அது தீங்கற்றது என்று காட்டியாக வேண்டும் என்ற சட்டம் பிறந்தது.

நம் தேசத்திலோ சட்டம் 1940 முதலே இருக்கிறது. கர்னல் சோப்ரா தலைமையிலான விசாரணைக் கமிட்டி 1930-31-இல் போலி மருந்துகளின் கேட்டை ஆராய்ந்து சொன்னதன் பேரில் பிறந்த சட்டம் அது. சட்டம் இருந்தும் நடந்தது என்ன? 1972-இல் நம் சென்னை நகரிலேயே இதே விஷத்தால் 14 குழந்தைகள் இறந்தனர். 1986-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரினில் கலந்திருந்த இதே விஷத்துக்கு 14 நோயாளிகள் பலியாயினர்; நீதிபதி லெண்டின் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1998-இல் குர்காவ் பகுதியில் 33 குழந்தைகள். 2020-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்தோடு இந்திய ஆலை ஒன்றின் மருந்து சேர்த்துப் பேசப்பட்டு, உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. அதே வருஷம் உஸ்பெகிஸ்தானிலும் அவ்வாறே ஆயிற்று. 53 வருஷம் கழித்து விஷம் மீண்டும் நம் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இம்முறை சாவதற்கன்று, கொல்வதற்கு.

ஒவ்வொரு தடவையும் நடந்தது ஒன்றுதான். கரைப்பானை எவனோ மலிவாக விற்றான். ஆலைக்காரன் சோதிக்காமல் வாங்கினான். தயாரான மருந்தையும் சோதிக்கவில்லை. சோதித்தாயா என்று கேட்க வேண்டிய அதிகாரி வரவில்லை. சுங்குவார்சத்திரத்திலும் மருந்துத் தரமில்லாத கரைப்பான் வாங்கப்பட்டது என்றே அதிகாரிகளின் அறிக்கை கூறுகிறது. இரண்டு வருஷங்களாக அந்த ஆலையைச் சென்று பார்க்கவில்லை என்பதற்காக இரண்டு முதுநிலை மருந்து ஆய்வாளர்கள் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் மருந்து ஆய்வுகளும் மாதிரி எடுத்தலும் குறைவாக நடக்கின்றன என்று கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதற்கு முந்தியே சுட்டிக்காட்டியிருந்தது. அதைப் படித்தவர் யார்? படித்திருந்தால் செய்தது என்ன?

காஞ்சிபுரத்திலே சேலை வாங்க வருகிறவர்கள் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை, இல்லையேல் போலி. இப்போது அதற்கு இயந்திரமும் வந்திருக்கிறது. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். போலிச் சரிகை போட்ட நெசவாளிக்குப் பெயர் கெட்டுப் போகிறது. கல்யாணப் பெண்ணின் முந்தானைக்கு இத்தனை பரீட்சை நடக்கும் ஜில்லாவில், குழந்தையின் வாயில் ஊற்றும் மருந்துக்கு ஒரு பரீட்சையும் நடக்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

இந்தத் துக்கத்தின் நடுவே மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் நடத்திய வாதத்தையும் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்து மேற்பார்த்தது ராஜ்யம் என்று டில்லி சொல்லிற்று. மத்திய இலாகாவும் பார்வையிடக் கடமைப்பட்டதே, அவர்கள் எப்போது வந்தார்கள் என்று சென்னை கேட்டது. மருந்து விஷமென்று தெரியாமல் எத்தனையோ நாள் பராசியாவில் விற்க விட்டவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. மூன்று பேர் சொன்னதிலும் உண்மை உண்டு. அதனால்தான் மூவரும் குற்றவாளிகள். இதில் எந்தக் கட்சியின் பக்கமும் சாய்ந்து பேச நமக்கு விருப்பமில்லை.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். காம்பியா சம்பவத்தால் உலகத்தில் இந்திய மருந்துகளின் பெயர் கெட்டதும், மத்திய சர்க்கார் ஒரு உத்தரவு பிறப்பித்தது. 2023 ஜூன் முதல் தேதியிலிருந்து, வெளிநாட்டுக்குப் போகும் இருமல் மருந்துகளைச் சர்க்கார் அங்கீகரித்த பரிசோதனைச் சாலையில் சோதித்துச் சான்று பெற்ற பின்பே கப்பலேற்றலாம் என்பது அந்த உத்தரவு. நல்ல உத்தரவு, தாமதமாயினும் வரவேற்கிறோம். ஆனால் அந்த உத்தரவு உள்நாட்டில் விற்கும் மருந்துக்குப் பொருந்தவில்லை! கோல்ட்ரிப் வெளிநாட்டுக்குப் போவதாயிருந்தால் துறைமுகத்தைத் தாண்டியிராது. பராசியாவுக்குப் போவதாயிருந்தபடியால் தடையின்றிப் போயிற்று. அந்நிய தேசத்துக் குழந்தைக்கு ஒரு நியாயம், பாரத தேசத்துக் குழந்தைக்கு ஒரு நியாயமா? அந்நியர் நம்மை ஆண்ட காலத்தில் இத்தகைய பேதம் காட்டியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? சுயராஜ்யம் வந்து ஏறக்குறைய எண்பது வருஷமாகிறது. ஏற்றுமதிக்கு ஒரு தரம், சொந்த ஜனங்களுக்கு ஒரு தரம் என்பதைச் சகிக்க முடியாது.

சோதித்து அனுப்பினால் மருந்து விலை ஏறும், சிறு ஆலைகள் மூடப்படும், பல்லாயிரம் தொகுதிகளைச் சோதிப்பது நடக்கிற காரியமா என்று ஆட்சேபிப்போரும் உளர். அவர்களுக்குப் பதில் தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1994-இல் ஸ்தாபிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. வாங்கிய மருந்து ஜில்லாக் கிடங்குக்கு வந்ததும் தனியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஆலையின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். எந்தக் கம்பெனியின் சரக்கு என்று சோதிப்பவருக்கே தெரியாது; ஆகவே தயவு தாட்சிண்யத்துக்கும் கையூட்டுக்கும் இடம் குறைவு. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாதவன் கறுப்புப் பட்டியலில் ஏறுவான். இப்படிச் செய்தும் மொத்தக் கொள்முதலால் விலை ஏறவில்லை, இறங்கிற்று. ராஜஸ்தான் முதலிய ராஜ்யங்கள் இங்கே வந்து பார்த்துப் போய் இதே முறையை ஏற்றுக்கொண்டன.

இதிலுள்ள வேடிக்கையை நேயர்கள் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இனாமாக மருந்து வாங்கும் தறிக்காரன் மகனுக்குச் சோதித்த மருந்து கிடைக்கிறது. ‘சர்க்கார் மருந்து எதற்கு, நல்ல மருந்தாக வாங்குவோம்’ என்று கடன் வாங்கிக் கடையில் பணம் கொடுப்பவன் மகனுக்குச் சோதிக்காத மருந்து கிடைக்கிறது. பணம் கொடுத்து ஆபத்தை வாங்குகிறோம். ஆஸ்பத்திரிக்குச் செய்ய முடிந்ததைக் கடைக்கும், குறைந்த பட்சம் குழந்தைகளின் பாகு மருந்துகளுக்கேனும், செய்ய முடியாது என்பது சோம்பலின் பேச்சு. சிறு ஆலைகளின் மீது நமக்குப் பகையில்லை; சுதேசித் தொழில் வளர வேண்டும் என்பதே நம் ஆசை. புதிய உற்பத்தி விதிகளுக்கு உட்பட அவர்களுக்கு 2025 டிசம்பர் முடிவு வரை தவணையும் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரு தொகுதிக் கரைப்பானைச் சோதிக்கச் செலவிட முடியாதவன் செய்ய வேண்டிய தொழில் மருந்துத் தொழில் அன்று.

ஆலையையும் அதிகாரியையும் மட்டும் குறை சொல்லி விட்டால் விஷயம் முடிந்ததா? அந்தக் குழந்தைகளுக்கு அந்த மருந்தே தேவையில்லை என்பது இதிலுள்ள பெருந்துயரம். குழந்தைகளின் ஜலதோஷத்தில் பெரும்பாலானது வைரஸ் கிருமியால் வருவது. சில நாளில் தானே தீர்வது. கோல்ட்ரிப் போன்று இரண்டு குறிப்பிட்ட மருந்துகள் கூடிய கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது. 2025 அக்டோபர் 3-ஆம் தேதி வெளியான அறிவுரையோ, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகளே கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாக வேண்டியதில்லை என்கிறது. தாயார் கேட்கிறாள், வைத்தியர் எழுதுகிறார், கடைக்காரர் விற்கிறார். வெறுங்கையோடு அனுப்பினால் நாளைக்கு வேறு வைத்தியரிடம் போய்விடுவார்கள் என்ற அச்சம் வைத்தியருக்கு. ‘ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினார், அவர் ஒரு டாக்டரா?’ என்று நம் வீட்டுத் திண்ணையிலேயே பேச்சு நடக்கிறது.

இதே மனப்போக்குத்தான் அதே சீட்டில் இரண்டாவது வரியாக ஒரு ஆன்டிபயாடிக்கையும் எழுத வைக்கிறது. வைரஸின் மீது அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் குழந்தையின் உடலிலுள்ள மற்றக் கிருமிகளுக்கு அது பாடம் கற்பிக்கிறது. கற்ற கிருமிகள் அடுத்த தடவை சாவதில்லை. 2019-ஆம் வருஷத்தில் மட்டும், மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேராகவே உலகத்தில் 12,70,000 பேர் இறந்தனர் என்று லான்செட் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. இது எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். காஞ்சிக்கு அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் பெயரால் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது நோயாளியின் இரத்தத்தில் காவல் அணுக்கள் குறைந்து விடுகின்றன. சாதாரணக் கிருமியும் அப்போது எமனாகும். அந்த வேளையில் அவரைக் காப்பது ஆன்டிபயாடிக் ஒன்றே. ஊரார் ஜலதோஷத்துக்கு அதை வீணடித்திருந்தால் அவருக்கு அது பலிக்காது. ஒருவன் தின்பதால் இன்னொருவனுக்கு மருந்தில்லாமற் போகும் விந்தையான பண்டம் இது.

2010-இல் இது பற்றி எழுந்த கூச்சல் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். கடைசிக் கையிருப்பான ஆன்டிபயாடிக்குகளையும் அழிக்கும் ஒரு நொதியைப் பற்றி லான்செட் குழுமப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதற்கு ‘நியூ டெல்லி’ என்று பெயரிட்டதைக் கேட்டு தேசமே கொதித்தது, பாராளுமன்றத்திலும் கண்டித்தார்கள். பெயர் வைத்தது தவறு என்பதே நம் அபிப்பிராயமும். ஆனால் அந்தக் கட்டுரையின் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகளில் 44 சென்னையில் கிடைத்தவை. பெயருக்காகச் சண்டை போட்ட வேகத்தில் பாதியையேனும் கிருமிக்கு எதிராகக் காட்டினோமா? 2012-இல் வைத்தியர்கள் சென்னையில் கூடிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல், உயர்ந்த ரக ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது வைத்தியர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் புத்தகத்தில் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் கடமை யாருடையது? ஆலையைப் பார்க்கத் தவறிய அதே ஆய்வாளருடையதே. ஒரே மனிதர் கடைகளையும் ஆலைகளையும் கவனிக்க வேண்டுமென்றால், அவரை மட்டும் நீக்குவதால் பயன் என்ன? ஆய்வாளர்களின் எண்ணிக்கையைச் சர்க்கார் உயர்த்த வேண்டும்.

நாம் கோருவன புதியவை அல்ல. ஏற்றுமதி மருந்துக்குள்ள சோதனையை உள்நாட்டுப் பாகு மருந்துக்கும் கட்டாயமாக்க வேண்டும். பெயர் மறைத்து மாதிரி அனுப்பும் முறையைக் கடைகளில் விற்கும் மருந்துக்கும் விரிவாக்க வேண்டும். ஒவ்வொரு ஆலையையும் ஆய்வாளர் எந்தத் தேதியில் பார்த்தார், என்ன கண்டார் என்பதைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இதில் கடைசிக் கோரிக்கைக்கு ஒரு செலவும் இல்லை. ஆகையால் அதுதான் மிகுந்த எதிர்ப்பைச் சந்திக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

சர்க்கார் தாமாக வெளியிடும்வரை நம் ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, காஞ்சி ஜில்லாவில் லைசென்ஸ் பெற்ற மருந்து ஆலைகள் எத்தனை, ஒவ்வொன்றையும் கடைசியாகப் பார்த்த தேதி என்ன, எடுத்த மாதிரிகள் எத்தனை, தேறாதவை எத்தனை என்று நான்கு கேள்வி எழுதினால் போதும். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். வரும் பதிலை, வராவிட்டால் வரவில்லை என்பதை, இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால் ஆலையின் பெயரோடும் தேதியோடும் இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.